துவர்ப்பை அடக்க ஊருக்கொரு வழி

பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் கடுப்பாக இறக்கிய டீயை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். விழுங்கிய மறுகணமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் அளவுக்கு வாய் வறண்டுவிடும். குடித்தது தண்ணீர், பிறகு வாய் எப்படி உலர்ந்தது? நம் எச்சிலில் ப்ரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. கீலுக்கு விட்ட எண்ணெய் மாதிரி, நாக்கும் கன்னமும் உராயாமல் இவை பார்த்துக்கொள்கின்றன. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் இந்தப் புரதங்களோடு ஒட்டித் திரண்டு படிந்துவிடும். வழவழப்பு போய்விடுகிறது. ஆகவே துவர்ப்பில் பெரும்பங்கு சுவைமொட்டுகள் தரும் செய்தியே அல்ல, தொடுவுணர்ச்சி நரம்புகள் தரும் செய்தி. பாக்கு, கடுக்காய், வாழைப்பூ எல்லாம் வாயில் செய்வது இதைத்தான்.

உலகில் டீ குடிக்கும் வழக்கங்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் சடங்கு, விருந்தோம்பல், பீங்கான் கோப்பையின் அழகு என்றே பேச்சு போகிறது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வழக்கங்களின் அடியில் ஒரு வேதியியல் சிக்கலும் இருக்கிறது. துவர்ப்பும் கசப்பும் நிறைந்த ஓர் இலையை நாள் முழுக்கக் குடிக்கத்தக்க பானமாக மாற்றுவது எப்படி? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் தன் கையில் கிடைத்த பொருளையும், தன் தண்ணீரையும், தன் உயரத்தையும் வைத்து விடை கண்டிருக்கிறது.

கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங் எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியிலிருந்து வருபவை. துவர்ப்புக்குக் காரணம் கேட்டெச்சின்கள் என்னும் பாலிஃபீனால்கள். மிச்சியோ ட்சுஜிமுரா என்ற ஜப்பானிய அறிவியலாளர் 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டெச்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1932-இல் விவசாய அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்ணும் அவரே. பறிக்கத் தகுந்த இளங்கொழுந்தில்தான் கேட்டெச்சினும் காஃபீனும் அதிகம். பூச்சிகள் முதலில் தேடி வருவது அந்தத் தளிரைத்தான் என்பதால், செடிக்கு அங்கேதான் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

கொழுந்தைப் பறித்ததும் ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கினால், இலைக்குள்ளிருக்கும் ஆக்சிஜனேற்ற நொதி செயலிழந்துவிடும். கேட்டெச்சின் அப்படியே நிற்கும். அது கிரீன் டீ. மாறாக, இலையை வாடவிட்டு நசுக்கிக் காற்றில் வைத்தால், அந்த நொதி கேட்டெச்சின்களை இணைத்து தியாஃபிளாவின், தியாருபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாக்கும். முன்னது பொன்னிறமும் சுறுசுறுப்பான சுவையும் தருவது, பின்னது செம்பழுப்பு நிறம் தருவது. அது பிளாக் டீ. இரண்டிலும் துவர்ப்பு உண்டு என்றாலும், துவர்க்கும் மூலக்கூறுகள் வேறு.

ஜப்பானியர்களின் வழி, சிக்கலைச் செடியிலேயே தீர்க்கப் பார்ப்பது. கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜியில், கியோகுரோ என்ற உயர்தரப் பச்சைத் தேயிலைக்கும் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடிக்கும் வளர்க்கும் செடிகளின்மேல் பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே நிழல்பந்தல் போட்டுவிடுவார்கள். முன்பு நாணலும் வைக்கோலும், இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை. தேயிலைச் செடியின் வேரில் தியானின் என்ற அமினோ அமிலம் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி சிதைந்து கேட்டெச்சின் ஆவதற்குப் பயன்படுகிறது. நிழலில் அந்த மாற்றம் மந்தமாவதால் தியானின் மிஞ்சுகிறது, துவர்ப்பு குறைகிறது. வெளிச்சம் போதாத இலை பச்சையத்தையும் கூடுதலாகத் தயாரித்துக்கொள்வதால்தான் மாட்சாவுக்கு அந்த அடர்பச்சை நிறம். தியானினைப் பச்சைத் தேயிலையில் அறிவியலாளர்கள் அடையாளம் கண்டது 1949-இல். பந்தல் போடும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

அதோடு நில்லாமல் தண்ணீரின் சூட்டிலும் கவனம் வைத்தார்கள். தியானின் வெதுவெதுப்பான நீரிலேயே நன்றாகக் கரையும். கேட்டெச்சினும் காஃபீனும் தாராளமாக இறங்கக் கொதிநிலைக்கு அருகில் சூடு வேண்டும். அதனால் கியோகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி நீரே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். கிரீன் டீ பாக்கெட் வாங்கி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். பாத்திரத்தை இறக்கி நாலைந்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு இலையைப் போட்டால் அதே பாக்கெட் வேறு டீயாக இருக்கும்.

நம் டீக்கடை வழி இதற்கு நேர் எதிர். கொதிக்கக் கொதிக்க டிக்காஷன் இறக்கி, துவர்ப்பு முழுவதையும் வெளியே இழுத்துப்போட்டு, பிறகு பாலால் அதைப் பிடிப்பது. பாலில் உள்ள கேசின் புரதமும் எச்சில் புரதத்தைப்போலவே ப்ரோலின் மிகுந்தது. பாலிஃபீனால்கள் நம் நாக்கை அடையும் முன்பே கேசினோடு ஒட்டிக்கொள்வதால் எச்சிலின் வழவழப்பு தப்பிக்கிறது. எனவே பால் டீக்கு லேசான தூள் உதவாது. பால் கலந்த பிறகும் நிற்கும் வலு அதற்கு வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. எந்திரம் அந்த வலுவைத் தந்தது. பல் பதித்த உருளைகளுக்கிடையில் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டி, சிறு மணிகளாக்கும் முறை அது. செல்கள் முழுக்க உடைவதால் ஆக்சிஜனேற்றம் வேகமாக நடக்கும். துகள் சிறிதாக இருப்பதால் சாயமும் நொடிகளில் இறங்கும். தென்னிந்தியாவில் பலரும் கேட்டு வாங்கும் டஸ்ட் டீ இன்னும் பொடியானது. துணி வடிகட்டியில் ஒரு தடவை கொதிநீர் ஊற்றியே கடைக்காரர் ஸ்ட்ராங் டீ போட்டுவிட முடிவதற்கு அந்தப் பொடிதான் காரணம்.

முதலில் பாலா, டீயா என்று பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது. சுவைச் சோதனைக்கு டீ தயாரிக்க 1980-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று வரையறுத்ததோடு இந்தப் பால் விஷயத்தையும் விட்டுவைக்கவில்லை. சூடான டீயில் சொட்டுச் சொட்டாக விழும் பாலின் புரதங்கள் சட்டென்று உருக்குலைந்து காய்ச்சிய பால் வாடை வந்துவிடும் என்பது பாலை முதலில் ஊற்றுவோர் தரப்பு. நமக்கோ அந்தக் காய்ச்சிய வாடைதான் டீயின் மணமே! வெப்பத்தில் எளிதில் உருக்குலைவது மோர்ப்புரதம். கேசின் கொதியைத் தாங்கும். ஆகவே பாலைக் கொதிக்க வைத்தாலும் துவர்ப்பைப் பிடிக்கும் வேலை கெடுவதில்லை.

மலையேறினால் கணக்கு மாறுகிறது. சுமார் 3,650 மீட்டர் உயரத்திலுள்ள லாசாவில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. சீனாவின் சிச்சுவான், யுன்னான் பகுதிகளிலிருந்து மலைப்பாதைகளில் சுமைதூக்கிகளும் விலங்குகளும் அங்கே கொண்டுசென்றது செங்கல்லாக அழுத்திய முற்றல் இலையும் காம்பும். அந்தக் கட்டியிலிருந்து குறைந்த சூட்டில் சாறு இறக்க மணிக்கணக்கில் கொதிக்கவைத்தார்கள், உப்பேரிக் கரைகளில் கிடைத்த சோடாவையும் சேர்த்தார்கள். கார நீரில் இலையின் திசுக்கள் இளகிச் சாறு எளிதில் வெளிவரும். பிறகு வெண்ணெயும் உப்பும் சேர்த்து, உயரமான மர உருளையில் மத்தால் கடைவார்கள். கடையக் கடைய வெண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி, வெண்ணெயிலேயே ஒட்டியிருக்கும் பால்புரதமும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையும் அவற்றைச் சூழ்ந்து மறுபடி சேராமல் தடுக்கும். குளிரில் உடலுக்கு வேண்டிய கொழுப்பும் உப்பும் ஒரே கோப்பையில் கிடைத்துவிடுகின்றன. லடாக்கில் இதற்குக் கடையும் ஓசையை வைத்தே குர்குர் சா என்று பெயர்.

இவற்றிலெல்லாம் என்னை மிகவும் வியக்கவைப்பது காஷ்மீரின் உப்பு டீ, நூன் சாய். பச்சைத் தேயிலையில் சிட்டிகை சமையல் சோடா போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீர் சேர்த்து, கரண்டியால் மொண்டு உயரத்திலிருந்து மறுபடி மறுபடி ஊற்றுவார்கள். பழுப்பாக இருந்த சாறு மெல்ல ஆழ்ந்த சிவப்பாக மாறும். அதில் பால் விழுந்ததும் ரோஜா நிறம். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. கார நீரில் கேட்டெச்சின் தன் ஹைட்ரஜனை இழந்து ஆக்சிஜனுக்கு எளிதாக வசப்படும் நிலைக்கு வருகிறது. ஊற்றி ஊற்றி ஆற்றுவது அந்த ஆக்சிஜனை ஊட்டுகிறது. மூலக்கூறுகள் இணைந்து சிவந்த நிறம் பெறுகின்றன. தொழிற்சாலையில் நசுக்கிய இலைக்குள் நொதி செய்வதற்கு நெருக்கமான ஒன்றை, நொதி செத்துப்போன இலையை வைத்துச் சோடாவாலும் காற்றாலும் அடுப்பின்மேலேயே நடத்திக் காட்டுகிறது அந்தச் சமையலறை. ஆற்றாமல் விட்டால் நிறம் வராது, சோடா கூடினால் சோப்பு நெடி அடிக்கும். அளவும் பக்குவமும் பெண்கள் கைவழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கின்றன.

இதன் மறுபக்கத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பால் இல்லாத டீயை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில துளி, ஒன்றில் சமையல் சோடா சிட்டிகை, மூன்றாவது அப்படியே இருக்கட்டும். எலுமிச்சை விழுந்தது வெளிறும், சோடா விழுந்தது கருக்கும். தியாருபிஜின்கள் மென்மையான அமிலங்கள். ஹைட்ரஜனை இழந்த நிலையில் அவற்றுக்கு நிறம் அடர்த்தி, புளிப்பு ஹைட்ரஜனைத் திருப்பித் தரும்போது நிறம் இளகும். எலுமிச்சைக்கு இன்னொரு பயனும் உண்டு. போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்குமே, அது கடினநீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் காற்றின் ஆக்சிஜனும் டீயின் பாலிஃபீனாலோடு சேர்ந்து உண்டாக்குவது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ 1990-களில் இதை ஆராய்ந்து விளக்கினார். எலுமிச்சைச் சாறு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் படலம் கட்டுவதில்லை.

மொராக்கோவின் வழி புதினாவும் சர்க்கரையும். 1850-களில் கிரிமியப் போரால் பால்டிக் சந்தை அடைபட, பிரிட்டிஷ் வணிகர்கள் கையிருப்பிலிருந்த சீனப் பச்சைத் தேயிலையை மொராக்கோவில் கொண்டுவந்து விற்றார்கள். கரடுமுரடான அந்த உருண்டைத் தேயிலைக்கு அங்கே ஏற்கெனவே இருந்த புதினாக் கஷாயம் துணையானது. இனிப்பு கசப்பை மறைக்கிறது, புதினாவின் கார்வோன் மணம் மூக்கை நிறைக்கிறது. பரிமாறும்போது கெண்டியை உயரத் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்ற வேண்டும். மேலே நுரை நிற்கவில்லையென்றால் டீ சரியில்லை என்று பொருள். தேயிலையில் இயல்பாகவே உள்ள சப்போனின் அந்த நுரையைக் கட்டுகிறது.

உயரத்திலிருந்து ஊற்றுவது என்றதும் நம் டீ மாஸ்டர்தான் நினைவுக்கு வருவார். மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து இழுக்கும் தே தாரிக் டீயும் அதே கைவண்ணம். நீண்டு மெலிந்து விழும் தாரைக்குப் பரப்பளவு அதிகம் என்பதால் நீராவி வேகமாகப் பிரிந்து சூட்டை எடுத்துச் செல்லும். கூடவே பால்புரதம் காற்றைப் பிடித்து நுரையாகும். வெறும் அழகுக்காகச் செய்வதில்லை இதை. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அப்படியே குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கும் ஈரானின் கோலஸ்தான் மாநில ஆய்வுகளும் இந்தத் தொடர்பைக் காட்டின. குற்றம் சூட்டின்மேல்தான், டீயின்மேல் அல்ல. நாலு ஆற்று ஆற்றிக் கொடுக்கும் மாஸ்டர் அந்தச் சூட்டைத்தான் குறைத்துத் தருகிறார்.

யாழ்ப்பாணத்தில் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள். இலங்கை மலையகத்தில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிப்பதுண்டு. ரஷ்யர்களும் ஈரானியர்களும் கற்கண்டு போன்ற சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையில் வைத்து, அதன் வழியே டீயை உறிஞ்சுகிறார்கள். கரைத்துவிட்ட சர்க்கரை கோப்பை முழுக்கப் பரவி நீர்த்துப்போகும். நாக்கின்மேலேயே இருக்கும் துண்டோ, டீ வந்து படும் கணத்தில் அந்த இடத்தில் மட்டும் இனிப்பைச் செறிவாக வைத்திருக்கிறது. சர்க்கரை அரிதாக இருந்த இடங்களில் இது சிக்கனமும்கூட. 1867-இல் கண்டிக்கருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலையெங்கும் பரவியபோது கொழுந்து பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர்கள். நல்ல தரம் கப்பலேறியது. பறித்தவர்களுக்கு வாய்த்தது தூளும், கையளவு சீனியும்.

எச்சில் புரதத்தையும் கேசினையும் பிடிக்கும் அதே பாலிஃபீனால் இரும்பையும் பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்தால் கறுப்பு மை கிடைப்பது இந்தப் பிணைப்பால்தான். குடலில் இது நடந்தால் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பு உடலில் சேராமல் போய்விடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. டீ மட்டும் காரணம் அல்ல. ஆனாலும் சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்கும் பழக்கத்தையும், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கத்தையும் மாற்றுவதற்குச் செலவு ஏதும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அவற்றின் வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருந்து குடல் உறிஞ்ச உதவுகிறது.