பைபிள் உறைக்குள் ஒரு மாத்திரை அட்டை

சபை ஆயரான நான் குடியிருக்கும் குருமனைத் திண்ணையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தார்கள். ஜெபக் குறிப்புச் சீட்டு எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்தது ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு தீர்ந்திருந்தது.

"ஐயா, இதைப் போட்டா எனக்கு விசுவாசம் இல்லைன்னு ஆயிருமா? கூட்டத்துல ஒரு ஊழியக்காரர் அப்படித்தான் சொன்னாரு. நாலு நாளா நிறுத்திட்டேன். கை நடுங்குது, தூக்கமே வரல."

(ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஜெபம் பிறகு. முதலில் அவர்கள் மகனுக்குப் போன் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே கூட்டிப் போகச் சொன்னேன். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் பலவும் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். திடுதிப்பென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரலாம். அடங்கியிருந்த நோயும் திரும்பி வரலாம். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்னைப் போன்றவர்கள் அதில் தலையிடக் கூடாது.

புதிதாக அங்கி போட்ட நாட்களில் நான் இப்படிச் செய்ததில்லை. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்று ஒரு வாலிபத் தம்பி வந்தான். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று நான்காம் சங்கீதத்தை வாசித்து, தலையில் கை வைத்து ஜெபித்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவனைக் கோவிலில் காணோம். லெந்து என்னும் தவக்காலம், தினமும் வீட்டு ஜெபம், தேடிப் போகவில்லை. மாதக்கணக்கில் கழித்துத்தான் அவன் அம்மா சொன்னார்கள், வெளியூரில் வைத்து வைத்தியம் பார்க்கிறோம் என்று. அந்தப் பத்து நிமிடம் இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

என் புத்தியைத் திருத்தியவை எனக்கு முன்னே இருந்த ஆயர் குருமனை அலமாரியில் விட்டுப்போன, ராமபாணப் பூச்சி அரித்த புத்தகங்கள். அதில் ஒன்று ஸ்பர்ஜன் என்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் தன் வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்குச் சொன்ன விரிவுரைகள். ஊழியக்காரனுக்கு வரும் சோர்வைப் பற்றியே அதில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. 1856 அக்டோபர் 19 அன்று லண்டனில் சர்ரே கார்டன்ஸ் அரங்கில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த அடி ஆயுசுக்கும் அவரை விடவில்லை. அந்த அத்தியாயத்தில் அவர் பாவத்தையோ பிசாசையோ தேடி ஓடவில்லை. உடம்பின் கோளாறைச் சொல்கிறார், அடைந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறார், ஓய்வில்லாத வேலையைச் சொல்கிறார். காட்டுப் பக்கம் சில மணி நேரம் நடந்துவிட்டு வா என்கிறார். பிரசங்கிகளின் இளவரசர் என்று நாம் கொண்டாடுகிற மனிதர்!

ஆனால் என்னை உலுக்கியது ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கைதான். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கண்ணீரோடு பாடுகிறோமே, அதன் மூலப்பாட்டை எழுதியவர். 1763இல் அவருக்கு மனம் கடுமையாகக் குலைந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவர் மனநோயாளிகளை வைத்துப் பார்த்த இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே பல மாத வைத்தியத்துக்குப் பின், 1764இல் ஒருநாள், ரோமர் 3:25ஐ வாசித்தார்: "இரத்தத்தைப்பற்றும் விசுவாசத்தினாலே" என்று வருகிற வசனம். அங்கேதான் அவருக்கு விசுவாசம் பிறந்தது. நாம் பெரிய வெள்ளிக்குப் பாடும் பாட்டின் வேர் ஒரு மனநல விடுதியில் இருக்கிறது. இதை வாசித்த ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதை அதோடு முடியவில்லை. 1773 ஜனவரியில் நோய் திரும்ப வந்தது. கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவருக்குள் உறைந்துபோய், 1800இல் சாகும்வரை முழுதாக நீங்கவே இல்லை. ஓல்னி ஊரில் அவருக்கு ஆயராக இருந்தவர் ஜான் நியூட்டன், "அமேசிங் கிரேஸ்" எழுதியவர். அவ்வளவு பெரிய பாட்டை எழுதியவரால் சிநேகிதனின் இருட்டைப் பாட்டால் விரட்ட முடியவில்லை. செய்தது ஒன்று: 1773 ஏப்ரலில் கூப்பர் குருமனைக்கு வந்தபோது உள்ளே சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மே மாதம்வரை, ஏறக்குறைய பதின்மூன்று மாதம், வைத்துப் பார்த்தார். நான் அந்தத் தம்பிக்குக் கொடுத்தது பத்து நிமிடம்.

ஜான் பனியன் எழுதிய "மோட்சப் பயணம்" என்ற கதையில் சந்தேகக் கோட்டை என்னும் சிறை வருமே, வாக்குத்தத்தம் என்னும் சாவியால் பூட்டுத் திறந்த இடம். அந்தச் சாவியை வைத்து நானே நாலைந்து பிரசங்கம் செய்திருக்கிறேன். இப்போது வாசித்தால் சாவி கிடைப்பதற்கு முந்தின பக்கங்களில்தான் கண் நிற்கிறது. வாழ்ந்தது போதும் என்று கதாநாயகன் கிறிஸ்தியான் தளரும்போது, அதே இருட்டறையில் கூடவே அடிபட்டுக் கிடக்கிற தோழன் பேசிப் பேசி அவனை நிறுத்தி வைக்கிறான். வேதத்திலும் அப்படியே. சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்குப் பயணம்.

ஊழியக்காரர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தே வீட்டுக்குள் மூடி வைக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். 2017 மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

அந்த அம்மாவுக்கு டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்காத நாளில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் கூடவே பஸ் ஏறிப் போகிறார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பைபிள் உறையை லேசாகத் திறந்து காட்டினார்கள். அட்டையில் இரண்டுதான் மீதி.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம் ஐயா. அக்காகிட்டச் சொல்லிட்டேன்."