துளை போட்டும் வடியாத தொட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியத்துக்குமேல் யாரும் துணி காயப்போடுவதில்லை. பருவக்காற்று திசை மாறும் இடைக்காலம். காலையில் வெயில் தகிக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். அப்படி ஒரு மழைக்கு மறுநாள் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியைத் தூக்கப் போனேன். அது அசையவில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வாய் அரை மீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியின் பரப்பு ஏறக்குறைய 0.2 சதுர மீட்டர். ஆக, 50 மில்லிமீட்டர் மழைக்கு 10 லிட்டர்; எடையில் 10 கிலோ. குப்பை லாரிக்காரரின் முதுகு இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறியும்.

மூடி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மழைக்கு முன்னால் வீசும் காற்று அதைத் தள்ளியிருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் நீர் உள்ளே போனது. தே தாரிக் ஆற்றுபவரைப் பாருங்கள்: வேகமாக ஊற்றினால் தேநீர் வில்லாக வளைந்து விழும், தயங்கித் தயங்கி ஊற்றினால் குவளையின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு வழியும். மூடியின் விளிம்பிலும் இதே கதைதான். மெதுவாக வழியும் நீர் சொட்டாமல், விளிம்பின் அடிப்பக்கமாக ஊர்ந்து தொட்டிக்குள் இறங்குகிறது. மூடியின் ஓரம் தொட்டியின் வாய்க்கு வெளியே நன்றாகக் கீழிறங்கியிருந்தால் அந்த ஊர்தல் வெளியிலேயே முடிந்துவிடும். என் தொட்டிக்கு வாய்த்ததோ தட்டையான மூடி.

உள்ளே வருவதைத் தடுக்க முடியாவிட்டால் வெளியேற வழி விட வேண்டும். ஆணியைக் காய்ச்சி அடியில் நாலைந்து துளை போட்டேன். அடுத்த மழைக்கும் ஒரு விரற்கடை நீர் அசையாமல் நின்றது. எனக்குச் சுவாரசியம் பிறந்தது அங்கேதான்.

சிறு துளையின் வாயில் நீர் துளியாகப் பிதுங்கி நிற்கும். அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் மேலேயுள்ள நீரைத் தாங்கும். பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். துளை சிறுக்கச் சிறுக்கத் தாங்கும் வலு கூடும். 3 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கிவிடும். 10 மில்லிமீட்டர் துளையால் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குமேல் முடியாது. அதன்பின் நிற்க நேரமேது? 10 சென்டிமீட்டர் நீர் தேங்கியிருந்தால், அந்த ஒரு துளையிலேயே தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் வெளியேறும்.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். பல தொட்டிகளின் அடி நடுவில் மேடாக இருக்கும். நீர் ஓரத்தில்தான் தங்கும். துளையை உள்ளிருந்து வெளியே போட வேண்டும். வெளியிலிருந்து போட்டால் பிளாஸ்டிக் பிசிறு உள்ளே எழும்பிக் குட்டி அணையாகிவிடும். குப்பைப் பை துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால் ஒன்றோடு நிறுத்தாமல், டிரில்லால் ஓரத்தில் பெரிய துளைகளாக ஐந்து போட்டேன். துளை வழியே அழுக்குநீரும் ஒழுகும், மறைக்கவில்லை. சமையற்கட்டுக் குப்பையைப் பையில் இறுகக் கட்டிப் போடுகிறோம்.

அந்த ஒழுகல் பரவாயில்லை என்பேன். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீரில் மூழ்கிய குப்பை மூச்சு முட்டி அழுகுகிறது; ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்புகின்றன.

கொசு இன்னும் பெரிய வம்பு. ஏடிஸ் கொசு தெளிந்த நீரைத்தான் தேடும் என்பது பாதி உண்மை. இலை ஊறிய நீரும் அதற்கு ஆகும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டும். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழை நனைத்ததும் பொரியும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை விளக்குமாற்றால் தேய்க்க வேண்டும்.

அம்மா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலை செய்தவர். மரம் வெட்டிப் பால் எடுக்காத நாளில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். நிமிர்ந்து கிடந்தால் மழைநீரில் கொசு முட்டையிடும். டிரில்லோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, குப்பை எடுத்த நாளில் தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஆகாதா என்று கேட்டார். கவிழ்த்தேன். உள்ளே மேடாக இருந்த நடுப்பகுதி வெளியே பள்ளமானது. மறுநாள் அதில் ஒரு கிண்ணம் நீர். ஓரத்துத் துளைகள் ஐந்தும் கரையேறி வேடிக்கை பார்த்தன. ஆறாவது துளையை நடுவில் போட்டேன்.