டயலுக்குப் பின்னால் இருப்பதையும் கேட்டு வாங்குங்கள்

பழுதுபார்க்கும் என் மேசைக்கு இப்போதெல்லாம் பெரிய விளம்பரமில்லாத ஐரோப்பிய வாட்ச்சுகள் அடிக்கடி வருகின்றன. ஸ்வாட்ச், ரிஷ்மோன் போன்ற பெருங்குழுமங்களைச் சேராத நிறுவனங்கள் அவற்றைத் தயாரித்து, பெரும்பாலும் இணையத்தின் வழியே நேரடியாக விற்கின்றன. இடையில் கடைக்காரரின் பங்கு இல்லாததால் கொடுக்கும் பணத்துக்குக் கூடுதல் தரம் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஐரோப்பியப் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட மலிவுச் சரக்கும் அதே வழியில்தான் வந்து சேர்கிறது. ஆலோசனை கேட்டு வருபவர்கள் டயலின் படத்தைக் காட்டுவார்கள். உள்ளே எந்த மெஷின் என்று நான் கேட்டால், பலருக்கும் பதில் தெரிவதில்லை.

நடுத்தர விலையில் வரும், கையசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சுகளில் பெரும்பாலானவை வெளியில் வாங்கிய மெஷினில்தான் ஓடுகின்றன. அது குறையன்று, சொல்லப்போனால் வாங்குபவருக்கு அதுவே நல்லது. 1961இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கப்பட்ட ஸின் நிறுவனத்தின் 556 வாட்ச்சில் இருப்பது ஸ்விட்சர்லாந்தின் செலிட்டா நிறுவனம் தயாரிக்கும் எஸ்டபிள்யூ200 மெஷின். பல்லாண்டுகளாகப் புழங்கிவரும் ஈடிஏ 2824 என்ற மற்றொரு சுவிஸ் மெஷினின் அமைப்பை அடியொற்றியது என்பதால், தொழில் தெரிந்த எவரும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிவிடலாம். பின்மூடியைத் திறந்து லென்ஸ் வழியே பார்த்தால், முன்னும் பின்னுமாக ஆடும் பேலன்ஸ் வீலை ஒட்டிய தகட்டில் மெஷினின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைச் சொல்லாமல் ‘சுவிஸ் மெஷின்’ என்று பொதுப்படையாகப் பேசும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை. எண்ணோடு தரநிலையையும் கேட்க வேண்டும். ஒரே எஸ்டபிள்யூ200, சாதாரண நிலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 12 நொடி வரை முன்பின் ஓடலாம். உயர்நிலையில் அது 4 நொடிதான்.

‘சுவிஸ் மேட்’ என்ற முத்திரையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2017 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தயாரிப்புச் செலவைப் பொறுத்தவரை, அதில் குறைந்தது 60 விழுக்காடு அந்நாட்டில் ஆகியிருந்தால் போதும். மாறாக, பிரான்சின் பால்டிக் நிறுவனம் எம்ஆர்01 வாட்ச்சில் சீனாவின் ஹாங்ஜோ மெஷினைப் பொருத்தியிருப்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

சொந்த மெஷின் வேண்டுமென்றால் ஜெர்மனியின் கிளாஷுட்டே ஊரில் 1990இல் தொடங்கப்பட்ட நோமோஸ் இருக்கிறது. கைச்சாவி கொடுக்கும் அதன் ஆல்ஃபா மெஷினின் வேலைப்பாடு கண்ணுக்கு விருந்து. ஆனால் பழுதென்றால் பெரும்பாலும் அந்நிறுவனத்தையே நாடவேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி, எளிதில் கீறல் விழாத சஃபையராக இருக்கட்டும். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 30 மீட்டர் என்று பொறித்திருந்தால் மழைத்தூறலும் கைகழுவும் நீரும் தாங்கும் என்று பொருளே தவிர, நீந்தலாம் என்பதன்று. நாள்தோறும் அணிபவர்கள் 100 மீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது. சாவி கொடுக்கும் திருகான கிரவுனிலும் பின்மூடியிலும் உள்ள ரப்பர் வளையங்கள் வியர்வையாலும் வெப்பத்தாலும் இறுகிப்போகும். எனவே மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றை மாற்றி, அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குத் தினந்தோறும் முழுச் சாவி கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். சாவி கொடுக்கும்போது சுழலும் ராட்செட் சக்கரத்தின் பற்கள் தேய்ந்து வரும் எஸ்டபிள்யூ200களுக்குப் பின்னால் அநேகமாக அந்தப் பழக்கமே இருக்கிறது.

உத்தரவாதத்தையும் படித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் வார்ட், 60 நாள்களுக்குள் திருப்பியனுப்பும் வசதியும் மெஷினுக்கு 60 மாத உத்தரவாதமும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது, ஜெர்மனியில் 19 விழுக்காடாக உள்ள மதிப்புக்கூட்டு வரி பொதுவாகக் கழிக்கப்படும். ஆனால் இங்கே சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும் என்பதால் இறுதி விலையை முன்கூட்டியே கணக்கிட்டுவிடுங்கள். உத்தரவாதப் பழுதுக்காக வெளிநாட்டுக்குத் திருப்பியனுப்ப நேர்ந்தால், வாங்கிய ரசீதின் நகலை இணைத்து, பழுதுபார்க்க அனுப்பப்படுகிறது என்று சுங்கப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். இல்லையேல் திரும்பி வரும்போது அதே வாட்ச்சுக்கு மறுபடியும் வரி கேட்பார்கள்.