குற்றச்சாட்டோடு நின்றுபோகும் வாழ்க்கை வரலாறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் நூலகராக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பேருந்தில் வந்து பள்ளி வேலைக்குத் தகவல் தேடும் பிள்ளைகளுக்கு, அலமாரியில் இருக்கும் நூல்களைவிட இணையக் கலைக்களஞ்சியமே முதலில் கைக்கு எட்டுகிறது என்பதால், சனிக்கிழமைப் பிற்பகல்களில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவும் திருத்தவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். ஆறு, கோவில், பறவை என்று எழுதும்வரை பெரிய சிக்கல் ஏதும் எழுவதில்லை. உயிரோடு இருக்கும் ஒரு பேராசிரியரை, அதிலும் சர்ச்சையில் பெயர் அடிபட்ட ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போதுதான், ஒரு சொல் இடம் மாறினாலும் ஒரு மனிதருக்குத் தீங்கு நேரும் என்பது விளங்கத் தொடங்குகிறது.

இதற்காகவே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இணைப் பேராசிரியராக இருந்த அஸ்மி ஷாரோம் மீது 2014 செப்டம்பரில் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. 2009-இல் நம் பேராக் மாநிலத்தில் ஏற்பட்ட அரசியலமைப்பு நெருக்கடி குறித்து அவர் சொன்ன கருத்தே அதற்குக் காரணம். அந்த மாதத்துச் செய்திகளை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, அவரைப் பற்றி நான்கு வரி எழுதச் சொல்வேன். பெரும்பாலானவர்களின் முதல் வரியே 'தேச நிந்தனை வழக்கில் சிக்கியவர்' என்று அமைந்துவிடும்; ஒருமுறை ஒரு மாணவி 'தேச நிந்தனைக் குற்றவாளி' என்றே எழுதியிருந்தாள். பிறகு மீதிச் செய்திகளை மேசைமேல் வைப்பேன். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்ற அவருடைய வாதத்தை, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2015 அக்டோபரில் ஏற்கவில்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் அரசுத் தரப்பு குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது, அவர் விடுதலையானார். 2018-இல் தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருக்குச் சாதகமான 2016-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 2015-ஐ விட்டுவிடுவதும் நேர்மையாகாது என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்வேன். அந்த மாணவி தன் தாளைத் திரும்ப வாங்கி, 'குற்றவாளி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'குற்றம் சாட்டப்பட்டார்' என்று எழுதியதோடு நிற்காமல், எந்த ஆண்டில் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தாள்.

அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஒருவர் மீது வழக்குப் பதிவாகும் நாளில் செய்தி முதல் பக்கத்தில் வருகிறது. அவர் விடுதலையாகும் நாளில் அது உள்பக்கத்து மூலைக்குப் போய்விடுகிறது. கையில் கிடைத்த சான்றுகளை வைத்து எழுதுபவர், தாம் அறியாமலேயே அந்தக் கோணலைக் கலைக்களஞ்சியத்துக்குள் கொண்டுவந்து விடுகிறார். ஆகவே, ஒருவர்மீது வழக்கு, விசாரணை, இடைநீக்கம் என எதை எழுதினாலும், அதன் முடிவைத் தேடிப் பார்க்காமல் அந்த வரியைச் சேமிக்கக் கூடாது என்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லையென்றால், எந்த மாதம் வரை உள்ள நிலை என்று எழுத வேண்டும். முடிவைத் தேடுகிறேன் என்று நீதிமன்ற ஆவணங்களை நாமே புரட்டிப் பொருள் சொல்வதும் கூடாது. நம்பத்தக்க இதழ்களும் நூல்களும் அதைப் பற்றி எழுதியிருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது கூடுதல் கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. 'விமர்சிக்கப்படுகிறார்' என்று எழுதினால் விமர்சித்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. ஒரே ஒருவர் சொன்னது ஊரே சொன்னதாகிவிடுகிறது. 'கூறினார்' என்பதும் 'கூறிக்கொள்கிறார்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது சொல்லிலேயே அவர் பொய் சொல்கிறார் என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 'மழுப்பினார்', 'ஒப்புக்கொண்டார்' போன்றவையும் அப்படித்தான். புகழ்ச்சிப் பக்கத்திலும் இதே நோய் இருக்கிறது. 'பேரறிஞர்', 'ஒப்பற்ற ஆய்வாளர்' என்ற அடைமொழிகள் மேடைக்கு ஏற்றவை. கலைக்களஞ்சியத்தில் அவர் எழுதிய நூலும், அது வந்த ஆண்டும், துறையினர் அதை எப்படி மதிப்பிட்டார்கள் என்பதும் போதும். 'சர்ச்சைகள்' என்று தனித் தலைப்பு போடுவதையும் இயன்றவரை தவிர்க்கிறேன். அப்படி ஒரு தலைப்பு இருந்தால், எங்கோ படித்த வம்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவதற்கு அது இடமாகிவிடுகிறது. நடந்தது நடந்த ஆண்டுக்குரிய இடத்திலேயே இருக்கட்டும்.

வாழும் மனிதர்களைப் பற்றிய தனி விதிமுறை விக்கிப்பீடியாவுக்கு வந்ததே ஒரு தவறான பக்கத்தால்தான். 2005 மே மாதத்தில், அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்திப் பொய்யான வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை யாரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். அது ஏறத்தாழ நான்கு மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த ஆண்டு இறுதியில் சீகந்தாலர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதன் பின்னரே, வாழ்பவரைப் பற்றிய சர்ச்சைக்குரிய செய்திக்குத் தக்க சான்று இல்லையென்றால், கலந்துரையாடலுக்குக் காத்திராமல் உடனே நீக்க வேண்டும் என்ற விதி உருவானது. அத்தனை பேர் பார்க்கும் ஆங்கிலத்திலேயே நான்கு மாதம் என்றால், தொகுப்பவர்கள் குறைவாக உள்ள தமிழில் ஒரு பொய் எத்தனை ஆண்டு கிடக்கும் என்பது என்னை உண்மையிலேயே கவலைகொள்ள வைக்கிறது.

நேர்மை என்றால் இரு தரப்புக்கும் சம இடம் கொடுப்பது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில், பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான முக்கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திச் சந்தேகம் எழுப்பிய கட்டுரையை வெளியிட்டார். 2010 பிப்ரவரியில் இதழ் அதை மீளப்பெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அவருடைய பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. இதை 'சிலர் ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள்' என்று எழுதினால் அது நடுநிலை ஆகாது, வாசகரை ஏமாற்றுவதாகும். தடுப்பூசி போடலாமா என்று கைப்பேசியை நீட்டிக் கேட்கும் தாய்மார் என் நூலகத்துக்கும் வருகிறார்கள். அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் வாட்சனின் பக்கமோ வேறு வகையானது: 1953-இல் பிரான்சிஸ் கிரிக்கோடு சேர்ந்து மரபணு மூலக்கூறான டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்ததும் 1962-இன் நோபல் பரிசும் உண்மை, இனத்தையும் அறிவுத்திறனையும் இணைத்து அவர் பேசியதும், அவர் தலைமையேற்று நடத்திய ஆய்வகமே 2019-இல் அவருடைய மதிப்புறு பட்டங்களைப் பறித்ததும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்காமல், துறையினரின் நூல்கள் எதற்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ அந்த அளவில்தான் எழுத வேண்டும்.

எனக்கு நெருக்கமாக நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்துத் தொழிலாளர் மேற்பார்வையாளர்) ஒருவர், பக்கத்து வீட்டுப் பையன் அச்செடுத்துக் கொடுத்த தாள் ஒன்றோடு நூலகத்துக்கு வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கும் அவருடைய தம்பி மகனைப் பற்றிய பக்கம் அது. 'மோசடி' என்ற சொல்லின் கீழ் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார். "ஏம்மா, எங்க புள்ள திருடனா? கோவில்ல நாலு பேரு கேக்குறாங்க. அந்த வரிய அழிச்சிடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

பக்கத்தில் இருந்த வரி இது: 'தரவுகளைத் திரித்து மோசடி செய்ததால் இவருடைய ஆய்வு தூக்கியெறியப்பட்டது.' சான்றாக இருந்தது யாரோ ஒருவருடைய வலைப்பதிவு. அன்று மாலையே இதழின் மீளப்பெறுதல் அறிவிப்பைத் தேடிப் படித்தேன். கணக்கீட்டில் பிழை இருப்பதைக் கட்டுரையாளர்களே கண்டு தெரிவித்ததாக அதில் இருந்தது. மோசடி என்ற சொல்லே இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் மோசடியால் மட்டுமல்ல, மனமறிந்து செய்யாத பிழையாலும் மீளப்பெறப்படுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'இவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய ஒரு கட்டுரை, அதில் கணக்கீட்டுப் பிழை இருப்பதை அவர்களே தெரிவித்ததைத் தொடர்ந்து, இதழால் மீளப்பெறப்பட்டது' என்று மாற்றி, ஆண்டையும் அறிவிப்பையும் சேர்த்தேன். அந்தக் குடும்பத்தைச் சிறுவயதிலிருந்து அறிவேன் என்பதை உரையாடல் பக்கத்தில் எழுதி, என் திருத்தத்தை வேறு ஊர்ப் பயனர் ஒருவர் சரிபார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் பார்த்து, ஒரே ஒரு சொல்லை மாற்றினார்.

பெரியவருக்கு மனம் ஆறவில்லை. வரி முழுவதும் போக வேண்டும் என்பதே அவர் விருப்பம். நடந்ததை நடக்காததாக ஆக்க முடியாது ஐயா என்று சொன்னபோது, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். "சரிம்மா, அது இருக்கட்டும். அவன் பொறந்த தோட்டத்தோட பேரையாவது போடுங்க. இப்ப அங்க தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமும் இல்ல" என்றார். அவர் சொல்கிறார் என்பதற்காக அதையும் எழுதிவிட முடியாது. பழைய பெட்டியில் இருந்த தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களை இருவருமாக எடுத்துத் தூசி தட்டினோம். மூன்றாவது மலரில், ஆறாம் ஆண்டுத் தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரும், பிறந்த தோட்டத்தின் பெயரும் இருந்தன. மலரின் ஆண்டையும் பக்க எண்ணையும் சான்றாகக் கொடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த வரியைச் சேர்த்தேன்.