அல்சர், குன்மம், மனச்சோர்வு

அல்சர் என்றால் லத்தீன் மூலத்தில் வெறும் புண்தான், வாயில் வந்தாலும் காலில் வந்தாலும் அல்சர்தான். வயிற்றில் வரும் அல்சரை மருத்துவர்கள் பெப்டிக் அல்சர் என்பார்கள், அதில் பெப்டிக் என்பது கிரேக்கம். சமைப்பதற்கும் செரிப்பதற்கும் அங்கே ஒரே வேர்ச்சொல். அப்படியே தமிழாக்கினால் செரிமானப் புண், ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்? குடற்புண் என்றால் இரைப்பை விடுபட்டுப்போகிறது. இந்தப் புண் இரைப்பையிலும் வரும், சிறுகுடலின் தொடக்கத்திலும் வரும் என்பதால் வயிற்றுப்புண்தான் என் ஓட்டு.

சித்த மருத்துவத்தில் இதற்கு நெருக்கமான சொல் குன்மம். வடமொழி குல்மத்தோடு உறவுள்ள சொல்தான், ஆனாலும் உடலையும் மனத்தையும் குன்ற வைப்பதால் குன்மம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சொல்லாராய்ச்சியாக அது நிற்காமல் போகலாம், நோயாளியைப் பார்த்துச் சொன்ன பேச்சு என்பது மட்டும் தெரிகிறது.

அப்புறம் டிப்ரஷன். லத்தீனில் கீழே அழுத்துவது என்று பொருள், அதனாலேயே பலர் மன அழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தமிழில் அது ஸ்ட்ரெஸ்ஸுக்குப் போய்விட்டது. டிப்ரஷனுக்கு மனச்சோர்வுதான் சரி. இந்தக் குழப்பம் வயிற்றுப்புண் விஷயத்தில் ரொம்பவே இடிக்கும், ஏனென்றால் கவலையும் டென்ஷனும்தான் அல்சருக்குக் காரணம் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல். இந்தக் கிருமியும் ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளும்தான் இன்று முக்கியக் காரணங்கள்.

அதற்காக மனத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சிறுகுடல் தொடக்கத்தில் புண் இருந்தால் நள்ளிரவு தாண்டி வெறும் வயிறு எரிந்து எழுப்பிவிடும், எதையாவது சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். மனச்சோர்வும் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுகிற நோய்தான். தூக்கம் கெட்டு, சாப்பாடு தவறி, சிகரெட்டும் குடியும் கூடினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஆறாத வலி மனத்தை இன்னும் சோர வைக்கும்.

மருந்திலும் ஒரு முடிச்சு உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் செரோடோனின் என்ற வேதிப்பொருளைக் குறைப்பதால் ரத்தம் உறைவது சற்று மந்தமாகும், கூடவே வலி மாத்திரையும் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். அதற்காக மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், புண் இருப்பதை மட்டும் மனநல மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.