"அவங்க" என்று எழுதப்பட்ட ஒருவர்

புதுச்சேரியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். லாஸ்பேட்டையில் சனிக்கிழமை தோறும் நடத்தும் சிறுகதை வாசிப்பும் இந்தப் பணியில் சேர்ந்ததுதான். ஆலோசனை அறையில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர், கதையில் வருபவரைப் பற்றிப் பேசச் சொன்னால் தங்களைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தான் எழுதிய கதையைக் கொண்டுவந்தாள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கடலூரிலிருந்து வரும் பேருந்தில், நடுவழியில் ஏறும் வகுப்புத் தோழமை ஒருவருக்காகக் கதையின் நாயகி தினமும் ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைக்கிறாள், அவ்வளவுதான் கதை. அந்த ஒருவர் நான்கு பக்கமும் "அவங்க" என்றே வந்தார். அவங்க ஏறினாங்க, அவங்க சிரிச்சாங்க. கூடப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளையை நம் ஊரில் யார் "அவங்க" என்பார்கள்? தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அதை மறைக்க விரும்புபவருக்குக் கைகொடுப்பது மரியாதைப் பன்மைதான். ஆலோசனை அறையிலும் இதே இலக்கணத்தைக் கேட்டிருக்கிறேன்: "ஒருத்தங்கள எனக்குப் பிடிச்சிருக்கு மிஸ்." அது யார் என்று நான் கேட்பதில்லை. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் முடிவு.

தன் பாலினத்தவர்மீதே காதல் கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி, இளையோருக்கென்று பெரியவர்கள் எழுதும் கதைகளில் இந்தப் பொறுமை அரிதாகவே தென்படுகிறது. மறைப்பையே சூழ்ச்சியாக்கி, கடைசி வரியில் "அவளும் ஒரு பெண்" என்று திரையை விலக்குகிறார்கள். ஒருவரின் இயல்பு வாசகருக்கான அதிர்ச்சியாக மட்டும் பயன்பட்டு முடிந்துவிடுகிறது. இல்லையென்றால் இருவரில் ஒருவரைச் சாகடிக்கிறார்கள், அல்லது அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள். அத்தகைய கதை ஒன்றை வாசித்து முடித்த சனிக்கிழமை, ஒரு பையன், "ஏன் மிஸ், யாராவது ஒருத்தர் கடல்ல இறங்கினாத்தான் கதை முடியுமா?" என்று கேட்டான். சோகத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒளிந்துகொண்டு வாசிக்கும் பிள்ளைக்கு அந்த முடிவு தன் எதிர்காலத்தைப் பற்றிய செய்தியாகவே போய்ச் சேர்கிறது.

சொல்லும் முக்கியம். "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லில் சேர்க்கைதான் முன்னால் நிற்கிறது. யாரையும் தொட்டிராத, ஜன்னலோர இடம் மட்டும் பிடித்துவைக்கும் ஒரு பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்? "தன்பாலீர்ப்பு" என்பது மனத்தின் நாட்டத்தைச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின் பேரில் தமிழ்நாடு அரசு 2022 இல் அரசிதழில் இத்தகைய சொற்களுக்கென்று ஒரு சொற்களஞ்சியமே வெளியிட்டிருக்கிறது. வகுப்பறையிலோ இன்னும் "ஒம்போது" என்ற வசவுதான் புழங்குகிறது. அது திருநரை இழிவுபடுத்தவும், சற்றே மென்மையாக நடக்கும் எந்தப் பையனையும் அடிக்கவும் ஒருசேரப் பயன்படுகிறது.

ஒரு பள்ளியில் இப்படியொரு கதை எழுதியிருந்த நோட்டு ஆசிரியர் கையில் சிக்கியது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெற்றோரை வரவழைத்து அதை மேசைமேல் வைத்தார்கள். வீட்டில் எப்படி வாங்கிக்கொள்வார்கள் என்று தெரியாமல் ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது, என் அனுபவத்தில், கதையால் வரக்கூடிய எந்தத் தீங்கையும்விடப் பெரியது. அந்தப் பெற்றோர் "சரிசெய்ய" ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். சரிசெய்ய அங்கே நோயே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990 இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018 இல் அறிவித்தது. புதுச்சேரிக்கும் சேர்த்து அதிகாரம் கொண்ட சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவின் மூலம், இந்த ஈர்ப்பை "மாற்றிவிடுவதாக"ச் சொல்லும் இத்தகைய சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தது. தீர்ப்பெழுதும் முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார் என்பதைப் பெற்றோரிடம் தவறாமல் சொல்வேன். படித்தவர்களுக்கும் தெரியாதிருப்பதில் வெட்கமில்லை என்று அவர்கள் முகம் சற்றே இளகும்.

இந்தக் கதைகளைப் படித்தால் பிள்ளை "அப்படி ஆகிவிடும்" என்பதுதான் அவர்களின் அடுத்த அச்சம். பாட்டிலும் படத்திலும் ஆண் பெண் காதலையே பார்த்து வளர்ந்த அந்த மாணவி ஏன் "அவங்க" என்று எழுதினாள் என்று திருப்பிக் கேட்பேன். வெளிநாட்டு இறக்குமதி என்பாரும் உண்டு. பிரெஞ்சுப் பெயர்கள் தாங்கிய தெருக்களில் நடந்தபடி அதைச் சொல்வதுதான் வேடிக்கை. வயது வந்தோரின் இசைவான உறவையும் குற்றமாக்கி, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று விடுவிக்கும்வரை நம்மோடு இருந்த 377 ஆம் பிரிவு, 1860 இல் ஆங்கிலேயர் எழுதி, 2024 இல் வழக்கொழிந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. பாலுறவு வர்ணனை இளையோர் கதைக்குத் தேவையில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆண் பெண் காதல் கதைக்கும் அதே அளவுகோலை வைக்கும்வரை.

பேருந்துக் கதையை அவள் மூன்று முறை திருத்தினாள். முதல் இரு படிகளிலும் இலக்கணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை; ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் படியில், இரண்டாம் பக்கத்தில், "அவங்க" அடிக்கப்பட்டு மேலே பென்சிலால் "அவ" என்று எழுதியிருந்தது. பள்ளி ஆண்டு மலரில் போட வேண்டாம் என்றாள். போடவில்லை.