கொரோனா நேரத்துல வந்த 2000 ரூவா என்ன பணம், குத்தகைக்காரருக்கு ஏன் வரல

2020 ஏப்ரல்ல அக்கவுண்ட்ல 2000 ரூவா ஏறுனத நம்ம திருநெல்வேலி பக்கம் நெறைய பேரு கொரோனாவுக்காக தனியா குடுத்த பணம்னுதான் இன்னைக்கும் பேசுதாங்க. அது மத்திய அரசு வெவசாயிங்களுக்கு குடுக்க பிஎம் கிசான் பணம். 2019 பிப்ரவரில ஆரம்பிச்ச திட்டம், வருசத்துக்கு 6000, நாலு மாசத்துக்கு ஒருக்கா 2000னு மூணு தவணை. ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள போட வேண்டிய தவணைய, ஊரடங்கு வந்ததும் மார்ச் 26 அன்னைக்கு நிர்மலா சீதாராமன் அறிவிச்ச நிவாரணத்துல சேத்து, சுமார் 8.7 கோடி பேருக்கு ஏப்ரல்லயே போடுதோம்னு சொன்னாங்க. சீக்கிரம் வந்துச்சு, கூடுதலா வரல. அந்த வருசமும் மொத்தம் 6000தான். களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழைத்தாரு வெட்டி ஏத்திவிட வழியில்லாம இருந்த நேரம் அது, 2000 உரத்துக்குக்கூட காணாது.

அதவிட மனசு கேக்க மாட்டாம இருக்கது குத்தகைக்காரங்க விசயம்தான். இந்தப் பணம் யாரு பயிர் வைக்காங்கன்னு பாத்து வராது, பட்டா யாரு பேர்ல இருக்குன்னு பாத்துதான் வரும். தாமிரபரணி பாசனத்துல கோயில் நெலம், மடத்து நெலம்னு பாட்டத்துக்கு எடுத்து கார், பிசானம்னு ரெண்டு போகமும் மாத்தி மாத்தி நெல்லு போடுதவங்க எத்தன பேரு, அவங்க யாருக்கும் அந்த வயலுக்காக ஒரு தவணையும் கெடையாது, ஆனா எங்கயோ டவுன்ல இருந்துக்கிட்டு வயல் பக்கமே வராதவருக்கு பட்டா இருந்தா வருது. இது சரியில்ல, மாத்தணும்.

1969ல வந்த குத்தகை பதிவுச் சட்டப்படி தாலுகா ஆபீஸ்ல குத்தகைய பதிஞ்சு வச்சிருந்தாலும் பிஎம் கிசானுக்கு அது உதவாது. ஆனா பதிஞ்சு வைங்க, குத்தகைக்கு நீங்கதான் பயிர் வைக்கீங்கன்னு கையில ஒரு ஆதாரம் இருக்கும், பயிர் காப்பீட்டுல குத்தகைக்காரங்களும் சேரலாம்.

மாநில அரசு குடுத்தது வேற கணக்கு. 2021 பிப்ரவரில கூட்டுறவு சங்கத்து பயிர்க்கடன் 12,110 கோடி, 16.43 லட்சம் பேருக்கு தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. அது சொசைட்டில வாங்குன பயிர்க்கடனுக்கு மட்டுந்தான், நகைய வச்சு வெளிய வட்டிக்கு வாங்கி வெவசாயம் பாத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதே வருசம் அரிசி கார்டுக்கு ரெண்டு தடவையா வந்த 4000 வெவசாயத்துக்குன்னு வந்ததில்ல, கார்டு இருந்த எல்லாருக்கும் வந்தது.

பிஎம் கிசான்ல யாருக்கு கெடைக்கும்னா, 2019 பிப்ரவரி 1க்கு முன்னாடியே பட்டா பேர்ல இருக்கணும். அதுக்கப்புறம் கிரயம் வாங்குன நெலத்துக்கு கெடைக்காது, அப்பா எறந்து வாரிசா பட்டா மாறி வந்திருந்தா மட்டும் கெடைக்கும். புருசன் பொண்டாட்டி சின்ன புள்ளைங்க சேந்து ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான். இன்கம் டாக்ஸ் கட்டுதவங்க, அரசு வேலையில இருக்கவங்க, மாசம் 10,000மோ அதுக்கு மேலயோ பென்சன் வாங்குதவங்களுக்கு வராது, கடைநிலை ஊழியர்களா இருந்தா மட்டும் இந்த வேலை, பென்சன் தடை கெடையாது. தகுதி இல்லாம வாங்குனா திருப்பி கட்டச் சொல்லுவாங்க. 2020லயே நம்ம தமிழ்நாட்டுல ஏஜெண்டுக பேச்ச நம்பி பேரு குடுத்தவங்ககிட்ட இருந்து பணத்த திரும்ப புடிச்சாங்க, அதனால இடையில வார எவன்கிட்டயும் ஆதாரும் ஓடிபியும் குடுத்துறாதீங்க.

வந்துட்டு இருந்த பணம் நின்னு போச்சுன்னா மொதல்ல இ-கேஒய்சி, அதாவது ஆதார வச்சு நீங்கதான்னு உறுதி பண்ணுதது, முடிச்சாச்சான்னு பாருங்க, இ-சேவை மையத்துல கைரேகை வச்சு முடிச்சிரலாம். அடுத்தது பேங்க். ஆதார வச்சுதான் பணம் ஏறும், கடைசியா எந்த பேங்க் அக்கவுண்டுக்கு ஆதார் இணைப்பு குடுத்தீங்களோ அங்க போயிரும், பழைய பாஸ்புக்க மட்டும் பாத்துட்டு வரலன்னு இருக்காதீங்க. நெல விவரம் ஏறலன்னு காட்டுச்சுன்னா பட்டா சிட்டாவும் ஆதாரும் எடுத்துட்டு உங்க ஒன்றியத்து வேளாண் விரிவாக்க மையத்துக்கு போங்க. போன்ல கேக்கணும்னா 155261.